கிராமத்துக் கடும்பனிக்காலத்தை ரசிக்க முடியும் என்பது உண்மைதானா?

கேள்வி, நவம்பர் 4

தார்ச்சாலை முடிந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே ஒரு பழைய வீட்டுக்குக் கோடையில் குடிவந்தோம். நான், கணவர், மாமியார். முதல் பனிக்காலம் இனிமேல்தான். பார்க்கிறவர்கள் எல்லாரும் பயமுறுத்துகிறார்கள். ஒரு சிலர் மட்டும், இதைப் போன்ற காலம் வேறு கிடையாது, அனுபவித்துப் பாருங்கள் என்கிறார்கள். வேறு வழியில்லாதவர்கள் தங்களைத் தேற்றிக்கொள்ளச் சொல்லும் பேச்சு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வெள்ளை மரங்களின் அழகைப் பற்றி யாரும் எழுத வேண்டாம். அதிலேயே கிடந்து உழல்கிறவர்கள் சொல்லுங்கள்: இதில் ரசிக்க என்ன இருக்கிறது?

பதில், நவம்பர் 4, இரவு

இருக்கிறது. இப்படிப்பட்ட ஒரு வீட்டில் 11 பனிக்காலங்களைக் கழித்திருக்கிறேன். 12ஆவது எப்போது வரும் என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அழகை விட்டுவிடுகிறேன். விடியற்காலை ஐந்தரை மணியைச் சொல்கிறேன். கணப்பு இரவில் அணைந்திருக்கும். அறைக்குள் மூச்சு புகையாக வராது, ஆனால் தரையில் கால் வைத்ததும் உள்ளங்கால் சுருக்கென்று இழுத்துக்கொள்ளும். சாம்பலைக் கிளறினால் அடியில் நாலைந்து கங்குகள் கண் விழிக்கும். அதன்மேல் விரல் கனத்தில் சிராய்களை வைத்து ஊதி, பிறகு மணிக்கட்டுக் கனம், பிறகு முழுக்கட்டை. இருபது நிமிடத்தில் கணப்பின் இரும்பு டிக் டிக் என்று விரியும். மகள் போர்வையோடு எழுந்து வந்து அதன் முன்னால் உட்காருவாள். அவள் முதுகில் படும் சூடு நான் மார்ச் மாதத்தில் பிளந்து, மே மாதத்தில் அடுக்கி, நேற்று மாலை சுமந்து வந்த கட்டையிலிருந்து வருகிறது. அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணிகூட என் கைக்குத் தெரியாமல் இல்லை. என் வாழ்க்கையில் வேறு எந்த வேலையும் செய்தவுடன் இவ்வளவு நேராகப் பதில் சொன்னதில்லை. நான் ரசிப்பது இதைத்தான்.

நவம்பர் 5

விறகு எவ்வளவு வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். அளவைவிட அது நன்றாகக் காய்ந்திருப்பதுதான் முக்கியம். அன்று வெட்டிய மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி தண்ணீர். அது 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால்தான் எரிக்கத் தகுந்த விறகு. மென்மையான மரங்கள் பிளந்து அடுக்கி ஒரு கோடை வெயில் பட்டால் போதும்; ஓக் போன்ற வைரம் பாய்ந்த மரத்துக்கு இரண்டு ஆண்டுகள் வேண்டும்.

எங்கள் முதல் ஆண்டில் காய்ந்த விறகு என்று ஒருவர் கொண்டுவந்து இறக்கியது முழுக்கப் பச்சை. கட்டையின் முனையில் தண்ணீர் குமிழிட்டுச் சீறியது. நெருப்பின் சூடெல்லாம் அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே போயிற்று. கணப்பின் கண்ணாடி கறுத்தது. நாங்கள் மூன்று பேரும் கோட்டோடு உட்கார்ந்து சாப்பிட்டோம். அதைவிட மோசமானது கண்ணுக்குத் தெரியாமல் நடந்தது. பச்சை விறகின் குளிர்ந்த புகை, புகைபோக்கியின் உட்சுவரில் தாராகப் படியும். ஒருநாள் அது பற்றிக்கொண்டால் புகைபோக்கி முழுவதும் உலைபோல் எரியும். எங்களுடையதைச் சுத்தம் செய்ய வந்தவர் அடியிலிருந்து ஒரு வாளி நிறையக் கறுப்புச் செதில்களை அள்ளிக் காட்டினார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இப்போது ஆண்டுக்கு ஒருமுறை, விறகு எரிக்கத் தொடங்குவதற்கு முன்பே, சுத்தம் செய்துவிடுகிறோம்.

காய்ந்ததா என்று பார்க்கக் கருவி வேண்டாம். இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டுங்கள். காய்ந்தது கணீரென்று ஒலிக்கும். பச்சை மொத்தென்று விழும். முனையில் நடுவிலிருந்து வெளியே ஓடும் வெடிப்புகள் இருக்க வேண்டும். பட்டை தானாகக் கழன்று வர வேண்டும்.

நவம்பர் 7

தனிச்செய்தியில் ஒருவருக்கு விறகடுக்கைத் தார்ப்பாயால் மூடச் சொல்லியிருந்தேன். அதைத் திருத்துகிறேன்: மேலே மட்டும் மூடுங்கள். பக்கங்களையும் சுற்றி மூடினால் ஈரம் உள்ளேயே வெந்து பூஞ்சை பிடிக்கும். காற்று குறுக்கே ஓட வேண்டும்.

நவம்பர் 19

முதல் பனி நேற்று இரவு இறங்கியது. சத்தம் நின்றதை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். எழுந்தவுடன் ஏதோ குறைகிறது என்று தோன்றியது: தூரத்துச் சாலையின் இரைச்சல் இல்லை, நாயின் குரல் இல்லை. புதுப்பனியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் காற்றுதான். அந்தத் துளைகளுக்குள் ஒலி புகுந்து அங்கேயே அடங்கிவிடுகிறது. பனி இறுகி மேலே பொருக்குக் கட்டியதும் இதே வெளி ஒலியைத் திருப்பி அடிக்கும். இந்த மௌனத்துக்கு ஆயுள் இரண்டு மூன்று நாள்தான்.

புல்நுனியில் நிற்கும் துளிக்கும், விடியலில் வயலை மூடும் மூட்டத்துக்கும், இந்த இடுப்பளவு வெள்ளைக்கும் நம்மிடம் பனி என்ற ஒரே சொல். முன்பனி, பின்பனி என்று காலத்தைப் பிரித்தவர்கள் பொருளைப் பிரிக்க அவசியம் நேரவில்லை. மகள் தானே பிரித்துக்கொண்டாள்: பொடிப்பனி, ஈரப்பனி, ஊசிப்பனி, பொருக்குப்பனி. ஒவ்வொன்றுக்கும் வேலை வேறு, செருப்பு வேறு என்பதால் வீட்டில் எல்லாரும் இப்போது அவள் சொற்களைத்தான் பயன்படுத்துகிறோம்.

ஊசிப்பனி அவளுடைய கற்பனை இல்லை. உறைநிலைக்கு ஐந்து டிகிரி கீழே, மைனஸ் 5 அருகே, ஊசிகளும் தூண்களும் உருவாகின்றன; மைனஸ் 15 அருகே, ஈரம் போதுமான அளவு இருந்தால், ஆறு கிளை விட்ட நட்சத்திரங்கள். இதை ஆராய்ந்து வரிசைப்படுத்தியவர் ஜப்பானின் உகிசிரோ நகாயா. 1936இல் ஹொக்கைடோவில், ஒரு முயல் முடியின் நுனியில் முதல் செயற்கைப் பனிப்படிகத்தை வளர்த்தார். நானும் மகளும் கறுப்புக் கம்பளிக் கையுறையை வெளியே நீட்டி, ஒரு பூதக்கண்ணாடியால் பார்த்து, மேகத்துக்குள் என்ன குளிர் என்று ஊகிப்போம். கையுறை முதலில் வெளியே கிடந்து நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் படிகம் விழுந்தவுடன் கரைந்துவிடும். மூச்சையும் பிடித்துக்கொள்ள வேண்டும்.

நவம்பர் 20

நேற்று விட்டுப்போன ஒருவரைச் சேர்க்கிறேன், ஏனென்றால் இந்த இழையின் கேள்விக்கு அவர்தான் நல்ல பதில். வில்சன் பென்ட்லி, அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஜெரிக்கோ என்ற ஊர் விவசாயி. 1885 ஜனவரி 15 அன்று, 19 வயதில், நுண்ணோக்கியோடு கேமராவைப் பொருத்தி ஒரு தனிப் பனிப்படிகத்தைப் படம் எடுத்தார். அதற்குப் பிறகு 5,000க்கும் மேல். விவசாய வேலைகளுக்கு நடுவே, சூடில்லாத கொட்டகையில் நின்றபடி, நாற்பது பனிக்காலங்களுக்கும் மேலாக. கடைசியில் 1931 டிசம்பரில் பனிப்புயலில் நடந்து வீடு திரும்பி, நுரையீரல் காய்ச்சலில் இறந்தார். தன்னைத் தேற்றிக்கொள்ள ஒரு மனிதர் 5,000 படம் எடுப்பாரா?

டிசம்பர் 2

நேற்று 35 சென்டிமீட்டர். பனி வாருவதைப் பற்றி எல்லாரும் கேட்டுவிட்டீர்கள், நீளமாகவே எழுதுகிறேன்.

தூக்காதீர்கள், தள்ளுங்கள். பொடிப்பனி ஒரு கன மீட்டர் 50 முதல் 100 கிலோ வரை இருக்கும். காற்று அடித்து இறுக்கியது 300 கிலோவைத் தாண்டும். கரையத் தொடங்கிய ஈரப்பனி இன்னும் அதிகம். ஒரே பாதைதான், ஆனால் ஒருநாள் பஞ்சு, மறுநாள் களிமண். அதனால் பெரிய வாய் உள்ள ஷவலைத் தள்ளுவதற்கும், சிறியதைத் தூக்குவதற்கும் என்று இரண்டு வைத்திருக்கிறேன். முழுப் பொழிவும் முடியட்டும் என்று காத்திருக்கவும் கூடாது. பத்து பத்து சென்டிமீட்டராக மூன்று முறை போவது உடம்புக்கு இதம்.

முதல் பனியிலேயே பாதையைத் தேவைக்கு இரண்டு மடங்கு அகலமாக ஒதுக்குங்கள். கரைகள் ஒவ்வொரு வாரமும் உள்ளே நெருங்கி வரும். ஜனவரியில் அந்தக் கரை கல்லாகியிருக்கும், அப்போது ஒரு சாண்கூட அகலப்படுத்த முடியாது. சாலையோரம் வீட்டுப் பாதை தொடங்கும் வாயில், பனி ஒதுக்கும் லாரி எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்தில், வாய்க்கு முன்னாலேயே சாலையோரமாக ஒரு பள்ளப்பை போலப் பனியை எடுத்துவிடுங்கள். லாரி தள்ளிவரும் சுமை அந்தப் பைக்குள் விழுந்துவிடும், உங்கள் பாதையின் வாயில் விழாது. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர். பக்கத்து வீடு என்றால் 400 மீட்டர்.

ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. கையால் பாரம் தூக்கும்போது இரத்த அழுத்தம் எகிறுகிறது. அதுவும் தூங்கி எழுந்தவுடன். இதய நோய் உள்ளவர்கள் ஷவலைத் தொடவே வேண்டாம். மார்பு இறுகினால், மிச்சம் இரண்டு அடிதான் இருந்தாலும், போட்டுவிட்டு உள்ளே வந்துவிடுங்கள்.

இதில் என்ன ரசனை என்றால்: இடுப்பு வரை மூடிக் கிடந்த ஓர் உலகத்தில் நானே ஒரு தெருவை உண்டாக்குகிறேன். இருபக்கமும் நேராக வெட்டிய சுவர், நடுவில் தரை. வேலை முடிந்து திரும்பிப் பார்க்கும் அந்த நிமிடத்துக்காக அடுத்த பொழிவை வரவேற்கிறேன்.

டிசம்பர் 3

உப்பு: மைனஸ் 10க்குக் கீழே போனால் அதை நம்ப முடியாது. மணல் தூவுங்கள். கணப்புச் சாம்பலும் உதவும், ஆனால் கங்கு ஒன்று ஒளிந்திருந்தாலும் போதும், வீடு போய்விடும். மூடியுள்ள இரும்பு வாளியில், வீட்டுக்கு வெளியே, மரத்தரையின் மேல் வைக்காமல், சில நாட்கள் ஆறவிட்ட பிறகே.

டிசம்பர் 21

குளிரைவிட இருட்டுதான் கொல்கிறது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதை மறுக்க மாட்டேன். என் கணவருக்கு டிசம்பர் கடினமான மாதம். பேச்சு குறைந்துவிடும், எதிலும் பிடிப்பு இருக்காது. நாங்கள் கண்டுபிடித்த ஒரே வழி, நண்பகலில் என்ன வேலை இருந்தாலும் போட்டுவிட்டு முக்கால் மணி நேரம் வெளியே நடப்பது. மேகமூட்டமான நாளிலும் வெளியே உள்ள வெளிச்சம் அறை விளக்கைவிடப் பல மடங்கு. பனித்தரை அதை மேலும் திருப்பி முகத்தில் வீசுகிறது. இதற்கும் சரியாகாத மனச்சோர்வு இருந்தால் மருத்துவரிடம் போக வேண்டும், போயிருக்கிறோம்.

அவருக்கு ஆறுதலாக நான் ஆண்டுதோறும் சொல்லும் ஒன்று: இன்று மிக நீண்ட இரவுதான், ஆனால் மிகச் சீக்கிரமான சூரிய மறைவு ஏற்கெனவே கடந்துவிட்டது. நடு அகலாங்குகளில் அது டிசம்பர் இரண்டாம் வாரத்திலேயே நிகழ்கிறது. மாலைகள் சில நாட்களாகவே நீண்டுகொண்டிருக்கின்றன. விடியல்தான் ஜனவரித் தொடக்கம் வரை பின்னால் போகும். அந்த ஜனவரித் தொடக்கத்தில்தான் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருக்கிறது என்பதும் சேர்த்து நினைக்க வேண்டிய விஷயம். இவ்வளவு குளிரும் தூரத்தால் இல்லை, பூமியின் அச்சுச் சாய்வால்.

ஜனவரி 9

மூன்று நாள் இங்கே வரவில்லை. 6ஆம் தேதி மாலை மின்சாரம் போயிற்று, இன்று காலைதான் வந்தது. வெளியே மைனஸ் 27 வரை இறங்கியது.

மின்சாரம் போனால் விளக்கு போகும் என்றுதான் நகரத்தில் இருப்பவர்கள் நினைப்பார்கள். கிணற்று மோட்டாரும் போகும், அதாவது தண்ணீர். முதல் வேலையாகக் குழாய்களில் நின்ற தண்ணீரை முழுக்க வடித்தோம். பிறகு எல்லா அறைகளையும் மூடி, கணப்பு இருக்கும் அறையின் வாசல்களில் கம்பளிகளைத் தொங்கவிட்டு, மூன்று பேரும் அங்கேயே குடியேறினோம். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவிக்குப் புது பேட்டரி போட்டோம். ஜெனரேட்டரையோ கரியடுப்பையோ உள்ளே கொண்டுவர ஒருநாளும் நினைக்காதீர்கள். நிறமும் மணமும் இல்லாத அந்த வாயு, தூங்குகிறவர்களை எழுப்பாமலே கொண்டுபோய்விடும்.

பனியை உருக்கித் தண்ணீராக்கினோம். புதுப்பனி பத்துப் பாத்திரம் போட்டால் ஒரு பாத்திரம் தண்ணீர். வெறும் பாத்திரத்தில் பனியைக் கொட்டி நெருப்பில் வைக்கக் கூடாது, அடி தீய்ந்து தண்ணீரில் அந்த வாடை ஏறும். கொஞ்சம் தண்ணீரை அடியில் விட்டுத் தொடங்க வேண்டும். உருகுவதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று மகள் பொறுமையிழந்தாள். பனிக்கட்டியை வெறுமனே தண்ணீராக்க எவ்வளவு சூடு போகிறதோ, அதே சூட்டில் அந்தத் தண்ணீரைச் சுழியத்திலிருந்து 80 டிகிரி வரை ஏற்றிவிடலாம் என்று சொன்னேன். "அப்படியானால் பனி ரொம்பப் பிடிவாதமானது அம்மா" என்றாள்.

இரண்டாம் நாள் இரவைத்தான் எழுத வந்தேன். பெரியவர் தனியாக இருக்கிறார். மின்சாரம் இல்லாத நாட்களில் மாலை ஏழு மணிக்கு அவர் சமையலறை ஜன்னலில் ஒரு விளக்கு வைப்பார், நாங்கள் இங்கே ஒன்று வைப்போம். எங்களுக்குள் பல ஆண்டு ஏற்பாடு. அன்று ஏழரை ஆகியும் அங்கே வெளிச்சம் இல்லை. கணவருக்குக் காய்ச்சல். நான் கிளம்பினேன்.

நவம்பரில் வழிநெடுக ஆளுயரக் கழிகளை நட்டு, நுனியில் சிவப்புத் துணி கட்டி வைப்பது எங்கள் வழக்கம். அன்று அதுதான் என்னைக் காப்பாற்றியது. காற்று தரைப்பனியைக் கிளப்பி முகத்தில் அடித்ததால் கையில் இருந்த டார்ச்சு வெளிச்சம் ஒரு வெள்ளைச் சுவரில் மோதித் திரும்பியது. ஒரு கழியைத் தொட்டுக்கொண்டு நின்று, அடுத்த கழி கண்ணில் படும் வரை காத்திருந்து, பிறகு நடந்தேன். 400 மீட்டருக்கு அரை மணி நேரத்துக்கு மேல். வழியில் ஒரு கையுறை போயிற்று.

கதவைத் தட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு தாழ்ப்பாள் நகரும் சத்தம்.

"என்னம்மா, இந்தக் காற்றில்?"

"விளக்கு இல்லையே ஐயா."

"விளக்கு இருக்கிறதே" என்று திரும்பிக் காட்டினார். கணப்புப் பக்கமாகப் படுக்கையை மாற்றியிருந்தார், விளக்கும் கூடவே போய்விட்டது. ஜன்னலைப் பார்த்தவர் அப்படியே நின்றார். பிறகு ஒன்றும் சொல்லாமல் என் கையைத் தன் இரு கைகளுக்குள் வைத்துக்கொண்டார். அன்று இரவு அங்கேயே தங்கினேன். போகும் முன் சொல்லி வைத்திருந்தபடி, அந்த ஜன்னலில் விளக்கை மூன்று முறை மறைத்துக் காட்டினேன். எங்கள் வீட்டு விளக்கும் மூன்று முறை மறைந்தது.

ஜனவரி 11

முந்தைய குறிப்பை மறுபடி படித்தேன். அது ஒரு வீரச்செயல் போலத் தொனிக்கிறது. இரண்டு பேர் அதை அப்படியே பாராட்டியும் விட்டார்கள். சரிசெய்ய வேண்டும்.

அந்த அரை மணி நேரத்தில் எனக்கு எந்த ரசனையும் இல்லை. ஐந்தாவது கழிக்கும் ஆறாவது கழிக்கும் நடுவில், வீட்டில் காய்ச்சலோடு இருப்பவரும் சிறுமியும்தான் மனதில் இருந்தார்கள். நான் விழுந்தால் இரண்டு வீட்டு வேலையும் யாருக்கு? இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும். பனிப்புயல் பிரதேசத்துப் பழைய விவசாயிகள் வீட்டுக்கும் தொழுவத்துக்கும் நடுவே கயிறு கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு போய்வந்தார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அவசரத்தில் விட்டேன்.

ஆகவே நவம்பரில் நான் சொன்ன பதிலில் ஒரு பிழை இருக்கிறது. கடுமையை ரசிக்கிறேன் என்று எழுதினேன். கடுமைக்கு நான் தயாராக இருப்பதைத்தான் ரசிக்கிறேன். தயாரிப்பு முடிந்த இடத்தில் ரசனையும் முடிந்துவிட்டது, பயம் தொடங்கிவிட்டது. ஆனால் மறுநாள் விடியலில், காற்று நின்று, என் காலடித் தடம் ஒன்றுகூட மிச்சமில்லாத அந்த வெளியில், சிவப்புத் துணிகள் மட்டும் வரிசையாகத் தெரிய வீடு திரும்பியபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை எந்தக் கணக்கில் சேர்ப்பது? இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஜனவரி 12

கையுறை போன கை என்ன ஆயிற்று என்று கேட்டவருக்கு: இரண்டு விரல் நுனி வெளுத்து மரத்திருந்தன, இப்போது சரி. பனியை எடுத்துத் தேய்க்கச் சொன்ன இன்னொருவருக்கு: தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். உறைந்த சதையைத் தேய்த்தால் கிழியும். 37 முதல் 39 டிகிரி வரை உள்ள வெதுவெதுப்பான தண்ணீரில் முக்க வேண்டும். நெருப்புக்கு நேராக நீட்டவும் கூடாது, மரத்த தோலுக்குச் சுடுவது தெரியாது. மீண்டும் உறைந்துபோகும் வாய்ப்பு இருந்தால் பாதுகாப்பான இடம் சேரும் வரை உருக்கவே வேண்டாம். கொப்புளமோ கறுப்போ தெரிந்தால் மருத்துவமனைதான்.

ஜனவரி 24

பனிக்கு அடியில் என்ன நடக்கிறது என்று பார்க்க மகள் ஒரு வெப்பமானியைப் புதைத்து வைத்தாள். நேற்று காலை வெளியே மைனஸ் 24. அரை மீட்டர்ப் பனிக்கு அடியில், மண்ணை ஒட்டி, மைனஸ் 1. அவள் என்னை இரண்டு முறை பார்க்கச் சொன்னாள்.

அந்த மண்ணுக்கும் பனிக்கும் இடையே ஒரு முழு உலகம் இருக்கிறது. வயலெலிகள் சுரங்கம் போட்டுக் காலம் முழுவதும் அங்கேயே ஓடித் திரிகின்றன. பெரிய சாம்பல் ஆந்தை அவற்றைக் காதால் மட்டுமே கண்டுபிடித்து, அரை மீட்டர்ப் பனியைக் கிழித்துக் காலால் பிடிக்கும். சருகுக்கு அடியில் மரத்தவளை உடம்பு நீரில் மூன்றில் இரண்டு பங்கு வரை உறைந்து, இதயம் நின்று கிடக்கும். வசந்தத்தில் இளகித் தாவும். எங்கள் முற்றத்துக்கு வரும் சிக்கடீ குருவி பத்துப் பன்னிரண்டு கிராம்தான். இரவில் தன் உடல் வெப்பத்தைப் பத்து டிகிரி வரை தாழ்த்திக்கொண்டு விடியும் வரை தாக்குப்பிடிக்கிறது. காலையில் அதன் குரலைக் கேட்கும்போது சும்மா கேட்டுவிட்டுப் போக முடிவதில்லை.

இதைத் தெரிந்துகொள்வதற்கு முன்பு எங்களுக்கு ஒரு நஷ்டம் நேர்ந்தது. கிணற்றிலிருந்து வரும் குழாய் முற்றத்தின் குறுக்கே மண்ணுக்குள் போகிறது. நான்காம் ஆண்டு அந்த முற்றத்தைச் சுத்தமாக வாரி வைத்தோம், பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று. போர்வையை உருவியது போல ஆயிற்று. குளிர் மண்ணுக்குள் இறங்கிக் குழாய் உறைந்து, ஆறு வாரம் தண்ணீர் இல்லை. இப்போது அந்தக் கோட்டின்மேல் யாரும் நடப்பதுகூட இல்லை, ஏனென்றால் மிதித்து இறுகிய பனி அவ்வளவாகக் காக்காது. வீட்டின் அடிச்சுவரை ஒட்டிப் பனியைக் கூட்டி அணைத்து வைக்கச் சொன்னதும் பெரியவர்தான். செய்த ஆண்டிலிருந்து தரை அவ்வளவு சில்லிடுவதில்லை.

பிப்ரவரி 6

வானிலை அறிக்கையில் மைனஸ் 33 போல உணரப்படும் என்கிறார்களே, அப்படியென்றால் கார் ரேடியேட்டருக்கும் மைனஸ் 33தானா? இல்லை. அந்த எண் வெறும் தோலுக்கு மட்டும். காற்றின் வெப்பநிலை மைனஸ் 20, வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர் என்றால் தோல் மைனஸ் 33இல் இழப்பது போல வேகமாகச் சூட்டை இழக்கிறது. எந்தப் பொருளும் மைனஸ் 20க்குக் கீழே போகாது. அண்டார்டிக்காவில் பால் சைப்பிளும் சார்லஸ் பாசலும் ஒரு பிளாஸ்டிக் உருளையில் தண்ணீர் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று அளந்து 1945இல் வெளியிட்டதிலிருந்து இந்தக் கணக்கு தொடங்கியது. 2001இல் அமெரிக்காவும் கனடாவும் அதைத் திருத்திக்கொண்டன.

உடையைப் பற்றி என் ஒரே பிடிவாதம்: வியர்க்காதீர்கள். வேலை தொடங்கும்போது கொஞ்சம் குளிர வேண்டும். குளிரவில்லை என்றால் ஓர் அடுக்கு அதிகம். உடம்பை ஒட்டிப் பருத்தி வேண்டவே வேண்டாம், நனைந்தால் காயாது. கம்பளி நனைந்தாலும் ஓரளவு காக்கும்.

பிப்ரவரி 20

இந்தக் கேள்வியைக் கேட்டவர் நேற்று எழுதியிருக்கிறார். மாமியார் வாசற்படியில் வழுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டாராம். கணவர் வேலையாக வெளியூரில் இருந்திருக்கிறார். இரண்டு மணி நேரம் உதவி வரவில்லை. வசந்தம் வரை நகரத்துக்குப் போகிறோம், நான் தோற்றுவிட்டேன் என்று முடித்திருக்கிறார்.

அம்மா, இதில் தோல்வி எங்கே இருக்கிறது? ஒருவரைத் தூக்கி உட்கார வைக்க இன்னொருவர் இல்லாத வீட்டில் நானும் இருக்க மாட்டேன். என் 11 ஆண்டுகளில் ஒரு நாள்கூட நான் தனியாக இல்லை. கணவர் இருந்தார், 400 மீட்டரில் ஒரு விளக்கு இருந்தது. அதை நவம்பரிலேயே சொல்லியிருக்க வேண்டும். விறகைப் பற்றி அவ்வளவு எழுதிய நான், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று உங்களைக் கேட்கவே இல்லை. அதற்காக மிகவும் வருந்துகிறேன். அத்தைக்குக் கை நன்றாகக் கூடட்டும். புறப்படும் முன் குழாய்களை வடித்துவிடுங்கள். எப்படி என்று தனியாக எழுதி அனுப்பியிருக்கிறேன்.

மார்ச் 18

பொருக்குப்பனிக் காலம் வந்துவிட்டது. பகலில் மேற்பரப்பு இளகுகிறது, இரவில் இறுகுகிறது. காலை ஆறு மணிக்கு அந்தப் பொருக்கு ஆளைத் தாங்கும். மூன்று மாதமாக வாரிய ஒற்றைப் பாதையிலேயே போய்வந்தவர்களுக்கு, திடீரென்று எல்லாத் திசையும் சாலை. வேலிகளின் தலைமேல் நடந்து போனோம். கோடையில் முள்ளும் சேறுமாகக் கிடந்து யாரும் நுழைய முடியாத ஓடைக்கரைக்குள் மகள் ஓடினாள், நானும் ஓடினேன். மரங்களின் கிளைகள் தோளுயரத்தில் இருந்தன. பத்து மணிக்குள் திரும்பிவிட வேண்டும், அதற்குப் பிறகு ஒவ்வோர் அடிக்கும் தொடை வரை புதையும். ஆண்டில் ஏழெட்டுக் காலைகள்தான் இப்படி அமையும். மற்ற எதையும் நீங்கள் நம்ப வேண்டாம், இந்த ஒரு காலைக்காக மட்டும் நான் இங்கே இருப்பேன்.

மார்ச் 19

கூரை விளிம்பில் பனிக்கட்டி அணை கட்டித் தண்ணீர் உள்ளே ஒழுகுகிறது என்றவருக்கு: கட்டியைக் கோடரியால் வெட்டாதீர்கள், கூரை போய்விடும். வீட்டுச் சூடு பரண் வழியாக ஏறிக் கூரைப்பனியை உருக்குகிறது, அது குளிர்ந்த விளிம்பில் வந்து மீண்டும் உறைகிறது. பரணின் தரையில் சூடு கசியும் ஓட்டைகளை அடைப்பதுதான் நிரந்தர வழி. இப்போதைக்குத் தரையில் நின்றபடி நீளக்கழியால் விளிம்புப் பனியை இழுத்துவிடுங்கள்.

ஏப்ரல் 9

கேள்வி கேட்டவர் திரும்பி வந்துவிட்டார். மாமியாருக்குக் கை கூடிவிட்டதாம், வீட்டைப் பார்க்க வேண்டும் என்று அவர்தான் பிடிவாதம் பிடித்தாராம். இறங்கு சரிவில் ஒரு குடும்பம் ஆண்டு முழுக்க இருப்பதை இப்போதுதான் போய்ப் பார்த்துப் பேசியிருக்கிறார்கள். அவர்கள் வீட்டு மாடி ஜன்னல் இவர்கள் சமையலறையிலிருந்து தெரிகிறதாம்.

விறகுக்கு இப்போதே தொடங்கலாமா என்று கேட்டிருக்கிறார். இப்போதுதான் தொடங்க வேண்டும். புயலில் சாய்ந்த பிர்ச் மரம் கிடப்பதாகச் சொன்னீர்களே, அதை முதலில் துண்டு போடுங்கள். பிர்ச்சை முழுக்கட்டையாக வைக்காதீர்கள், பட்டை ஈரத்தை உள்ளேயே அடைத்து மரத்தை மக்கவைத்துவிடும். ஒரு கட்டையையாவது பிளக்காமல் விடாதீர்கள். தரையில் நேராக அடுக்காமல் கீழே இரண்டு கழிகளைப் படுக்கப் போடுங்கள். தெற்குப் பார்த்த இடம், காற்று வரும் இடம். மேலே மட்டும் மூடுங்கள். ஓக் இருந்தால் அதைத் தனி வரிசையாக அடுக்கி, முனைக்கட்டையில் சாக்பீஸால் மாதத்தையும் ஆண்டையும் எழுதி வையுங்கள். அது வரும் பனிக்காலத்துக்கு இல்லை, அதற்கு அடுத்ததுக்கு.